கூரைக்கு முன்னால் ஒரு கேள்வி

குடவாசலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? பிரளயத்தில் உலகமே மூழ்கும் நேரம், படைப்புக்கான வித்துக்களை ஒரு குடத்தில் வைத்து மிதக்க விட்டாராம் பிரம்மா. அது கும்பகோணத்தில் கரை ஒதுங்கி உடைந்ததும், குடத்தின் வாய் வந்து விழுந்த ஊர்தான் குடவாசல் என்பார்கள். கதைதான். ஆனால், வெள்ளம் வருவதற்கு முன்பே குடத்தைத் தயார் பண்ணிய அந்த முன்யோசனை நமக்கு உண்டா?

2018 நவம்பர் 16. விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது கஜா. திருவாரூர் மாவட்டத்திலும் தென்னைகள் சாய்ந்தன. கீற்று, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் பறந்தன. காற்று கூரையை அமுக்கித்தான் உடைக்கும் என்று நினைக்கிறோம். இல்லைங்க, உறிஞ்சி மேலே தூக்குகிறது! அதனால் கூரையைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் இறுகப் பிணைக்க வேண்டும். இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கச் சரிவு காற்றுக்கு நல்லது. தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை போட்டால், அது போனாலும் வீட்டுக் கூரை மிஞ்சும்.

சரி, காற்றைத் தாங்கிவிட்டால் அது வீடாகிவிடுமா?

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் தார் ஷீட் கொட்டகைகள் முளைத்தன. பகலில் அடுப்பு மாதிரி கொதித்தன. பெயர்தான் தற்காலிகம், வருஷம் தாண்டியும் பலருக்கு அதுதான் வீடு. அப்புறம் நிரந்தர வீடுகள் வந்தன. சுமார் 300 சதுர அடி, கான்கிரீட், வரிசை வரிசையாக. நல்ல எண்ணம்தான். ஆனால், இடத்தைச் சமன் செய்கிறேன் என்று சில ஊர்களில் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். திண்ணையையும் காணோம். வலையைச் சரிபார்ப்பது, மத்தியானம் சாய்வது, பக்கத்து வீட்டோடு பேசுவது... இதெல்லாம் எங்கே நடந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதே சுனாமிதான். இலங்கையில் கிரிந்த என்ற முஸ்லிம் மீனவர் கிராமத்தில் 67 வீடுகளை வடிவமைத்தார் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். அழுத்திய மண்கல் சுவர், ரப்பர் மரத் தடுப்புகள். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார். சமையலறையும் குளியலறையும் வீட்டுக்குள்ளேயே வேண்டும் என்றார்கள், கொடுத்தார். நடுவில் கூரை போட்ட முற்றம். விருந்தாளிகள் வந்தாலும் பெண்கள் ஒதுங்கி நிம்மதியாக இருக்கலாம்.

'ஊரே நடுத்தெருவில் நிற்கிறப்போ எங்கே சார் கேட்டுக்கிட்டு இருக்கிறது?' என்பீர்கள். நியாயம். தார்ப்பாய் அன்றைக்கே வேண்டும். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். வீடு அப்படியில்லையே! பி.காம். படித்தவன் கணக்கு இது: முப்பது வருஷம் குடியிருக்கப் போகிற வீட்டுக்கு ஒரு சாயங்காலப் பேச்சு செலவே அல்ல, முதலீடு. பூட்டிக் கிடக்கும் வீடு, எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நஷ்டக் கணக்குதான்.

அடுத்த புயலுக்கு நீங்களும் நன்கொடை தருவீர்கள். தாராளமாகத் தாருங்கள். கூடவே, வாங்குகிறவரிடம் ஒன்று கேளுங்கள்.

'அங்கே சமைக்கப்போற அம்மாகிட்ட பேசினீங்களா?'