பின்னால் இரண்டு கட்டம்

கருப்பன் செத்தபோது இரவு மணி ஒன்றரை. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு பொம்மை விழுந்ததற்கு, அச்சகம் நடத்தும் நாற்பது வயதுக்காரன் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். அதனால் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

விளையாட்டின் பெயர் 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்'. 2003-இல் டேவிட் ஒயிட் தொடங்கியது, இலவசமாகக் கிடைக்கும். அறுகோணக் கட்டங்களில் நாம் ஒரு சுற்று, எதிரி ஒரு சுற்று என்று மாறி மாறி நகர்த்தும் போர். அதில் கொன்ராட் என்ற இளைஞனின் கதையில் முதல் ஆட்டத்தின் இலக்கே தப்பிப்பதுதான். வடமேற்கில் இருக்கும் கைகாட்டி வரை அவனைக் கொண்டு சேர்த்தால் ஜெயம். நானோ, 'ஓடுவதா?' என்று நின்று அடித்தவன். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனைப் பள்ளியில் படித்து வளர்ந்த புத்தி.

கருப்பன் ஓர் எல்ஃப் வீரன். குலசாமி பெயரை வைத்தது நான். எதிரிப் படையின் சாதாரண ஆர்க் ஒருவனைக் கொன்றால் 8 அனுபவப் புள்ளி கிடைக்கும். கடைசி அடியை எப்போதும் கருப்பனுக்கே விட்டுக்கொடுத்து அவனை இரண்டாம் நிலைக்கு ஏற்றியிருந்தேன். முழு உயிர் 51. அன்று மிச்சம் 7. எதிரே நின்ற ஆர்க்குக்கு 6. இருவரும் வெட்டவெளியில், யார் வீசினாலும் படுவதற்கு 60 சதவீதம் வாய்ப்பு. முதல் வீச்சு கருப்பனுடையது.

இரண்டு கட்டம் பின்னால் ஒரு கிராமம். அங்கே தங்கினால் சுற்றுக்கு 8 உயிர் ஏறும்; நகராமல் இருந்தால் கூடவே 2. ஐந்து சுற்றில் பழைய ஆளாகிவிடுவான். எல்லாம் தெரியும். தெரிந்தும், 'இந்த ஒரே ஒரு அடி' என்று அனுப்பினேன். அவன் வாள் தவறியது. ஆர்க்கின் வாள் தவறவில்லை.

சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். மற்றவர்களை நகர்த்தும் வரிசையை மாற்றினேன். கருப்பனுக்கு இட்ட கட்டளையை மட்டும் மாற்றவில்லை. ஒரு தடவை ஜெயித்தான். ஆனால் பொழுது சாய்ந்தது. இரவில் ஆர்க்குகளின் அடிக்குக் கால் பங்கு பலம் கூடும். வந்தவர்கள் முடித்துவிட்டார்கள்.

நான்காம் தடவைதான் அவனைப் பின்னால் இழுத்தேன். அப்போதுதான் கோளாறு எங்கே என்று புரிந்தது. அவன் நின்ற இடத்தில் நிறுத்த ஆளில்லை. இந்த ஆட்டத்தில் எதிரியை ஒட்டிய ஆறு கட்டங்களில் எதில் கால் வைத்தாலும் நடை நின்றுவிடும். அப்படித்தான் ஒரு வரிசை எதிரியை மறிக்கிறது. ஒருவன் விலகினால் ஓட்டை. அடைக்க என்னிடம் இருந்ததெல்லாம் கற்றுக்குட்டிகள். கடைசி அடியெல்லாம் கருப்பனுக்கே போயிருந்ததே!

1958-இல் அவலான் ஹில் வெளியிட்ட 'டாக்டிக்ஸ் 2' போன்ற பழைய பலகை விளையாட்டுகளில் பகடை உருட்டி அட்டவணையைப் பார்ப்பார்கள். 'இரண்டு கட்டம் பின்வாங்கு' என்று அதுவே சொல்லும். வெஸ்நோத்தில் அந்தக் கருணை கிடையாது. நாம் நகர்த்தாவிட்டால், கடைசிச் சொட்டு உயிர் வரை அவன் நின்ற இடத்தில் நிற்பான்.

அப்படி நின்ற ஒருவன் எங்கள் அச்சகத்திலும் இருந்தான். ஆஃப்செட் மெஷினை ஓட்டிய தம்பி. முந்தைய வருஷம் வைகாசி முகூர்த்த நெரிசலில் மூன்று ராத்திரி தொடர்ந்து ஓட்டினான். கண்ணெல்லாம் சிவந்து, "ரெண்டு நாள் லீவு குடுங்கண்ணே" என்றான். "இந்த ஒரு பத்திரிகையை மட்டும் முடிச்சிட்டுப் போடா" என்றேன். முடித்தான். அடுத்ததும் வந்தது, அதையும் முடித்தான். மறுவாரம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன் வரவில்லை. நன்றி கெட்டவன் என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னேன். பேப்பர் வெட்டும் பையனை இரண்டு வருஷமாக மெஷின் பக்கமே விடாமல் வைத்திருந்தவன் நான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கருப்பன் செத்த மறுநாள் அந்தப் பையனிடம் இங்க் ரோலரைக் கழுவக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அவனே வேலை ஓட்டினான். பாதி ரீம் வீணானது, போகட்டும்.

போன மாதம் பேப்பர் கடையில் பழைய தம்பியைப் பார்த்தேன். அவன்தான் முதலில் பேசினான்.

"இப்ப மெஷினுக்கு யாருண்ணே?"

"பேப்பர் வெட்டிட்டு இருந்தானே, அவன்தான்."

கொஞ்ச நேரம் யோசித்துச் சிரித்தான். "நான் இருக்கும்போதே கத்துக்குடுத்திருந்தா, எனக்கு அந்த ரெண்டு நாள் கிடைச்சிருக்கும்ல?"

பதில் இல்லை. ரீம் கட்டைத் தூக்கக் குனிந்தேன். மறுபக்கம் அவன் ஒரு கை பிடித்தான்.