பூச்சியத்தில் தொடங்கிய அத்தியாயங்கள்

என் ராத்தாவின் மகளுடைய ஆய்வேட்டில் முதலாம் அத்தியாயத்தின் முதற்பகுதி 0.1 என்று அச்சாகியிருந்தது. அடுத்தது 0.2. இரண்டாம் அத்தியாயம் வந்தபோது 2.1 வரவில்லை, 0.6 வந்தது. கடைசி அத்தியாயம் 0.23இல் முடிந்தது. பொருளடக்கத்தில் பகுதிகளின் பெயர்கள் இருந்தன, அத்தியாயங்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க ஒன்பது நாட்கள்தான் இருந்தன.

அவள் இறுதியாண்டில் கணிதம் படிக்கிறாள். ஆய்வுப் பொருள் நம் வீட்டு வாசலில் கிடப்பது: கொட்டியாரக் குடாவின் வற்றுப்பெருக்கு. மகாவலி கங்கை மூதூர்ப் பக்கம் கடலோடு சேரும் இடத்தில் நீர்மட்டம் ஏறி இறங்குவதைச் சமன்பாடுகளாக எழுதுவது. நம் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வராது. அந்தச் சிறிய வித்தியாசத்துக்காகத்தான் மூதூர் இறங்குதுறையில் பகற்பொழுதெல்லாம் கொப்பியும் கையுமாக நின்றாள்.

பெற்றோருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணிதம், பௌதிகம், கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் ஆய்வேட்டை வேர்டில் எழுதுவது குறைவு. லேடெக் என்ற ஒன்றில் எழுதுகிறார்கள். வேர்டில் எழுத்தைப் பெரிதாக்கினால் உடனே திரையில் பெரிதாகும். லேடெக்கில் "இது அத்தியாயத் தலைப்பு", "இது சமன்பாடு" என்று கட்டளையாக எழுதிவைக்க வேண்டும். பிறகு கம்பைல் செய்தால்தான் பக்கமாக உருவாகும். ஒரு குறி தவறினாலும் கணினி ஆச்சரியக்குறி போட்டுக் கத்தும். இரவில் பிள்ளை திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் கைபேசியில் நேரம் போக்குகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதன் அடிப்படையான டெக்கை எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத். 1977இல் அவருடைய கணினி நிரலாக்க நூலின் இரண்டாம் பாகம் மறுபதிப்புக்குப் போனது. அச்சகத்திலிருந்து வந்த படிகளில் சமன்பாடுகளின் அழகு கெட்டிருந்தது. தானே ஒரு அச்சுக்கோப்பு முறை செய்துவிடலாம், சில மாத வேலைதான் என்று உட்கார்ந்தார். பத்து வருடத்துக்கு மேல் போயிற்று. அதன் மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியதே லேடெக். அத்தியாயம், பகுதி, பொருளடக்கம் என்பனவெல்லாம் அவர் வைத்த வசதிகள். டெக்கில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்குக் கனூத் 2008 வரை காசோலை அனுப்பிவந்தார். கிடைத்தவர்கள் பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறார்களாம். ஆகவே பிழை எங்கே என்று தேடும்போது அது டெக்கில் இருக்கும் என்று நம்புவது வீண். நம் பைலில்தான் இருக்கும்.

மகளின் பைலில் நடந்தது இதுதான். லெப்டொப் பழுதாகிக் கிடந்ததால், வேர்டில் எழுதிவைத்திருந்த அத்தியாயங்களை லேடெக்கில் ஏற்றித் தரும்படி தட்டச்சு வேலை செய்யும் ஒரு கடையில் மச்சான் கொடுத்திருந்தார். கடைக்காரர் தலைப்பை உள்ளபடியே ஏற்றியிருக்கிறார், "அத்தியாயம் 1: அறிமுகம்" என்று. லேடெக் அத்தியாயக் கட்டளையைக் கண்டால் "அத்தியாயம் 1" என்பதைத் தானே போடும். அதனால் அது இரண்டு தடவை அச்சாகியிருக்கிறது. ஒன்றை நீக்குவதற்கு எங்கோ பார்த்துக் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்துவிட்டார். பக்கம் பார்க்க ஒழுங்காகிவிட்டது.

ஆனால் நட்சத்திரக் குறி வைத்த அத்தியாயம் எண்ணிக்கையில் சேராது, பொருளடக்கத்திலும் ஏறாது. நன்றியுரை, ஆய்வுச் சுருக்கம் போன்றவற்றுக்காக வைத்த வசதி அது. எல்லா அத்தியாயங்களுக்கும் அதை வைத்தால், லேடெக்கின் கணக்கில் ஆய்வேட்டில் அத்தியாயமே இல்லை. அத்தியாய எண்ணி பூச்சியத்தில் நிற்கிறது. பகுதி இலக்கம் என்பது அத்தியாய இலக்கம், ஒரு புள்ளி, பகுதியின் எண்ணிக்கை. ஆகவே 0.1. புதிய அத்தியாயம் பிறக்கும்போதுதான் பகுதி எண்ணி மறுபடி ஒன்றுக்கு வரும். அது பிறக்கவேயில்லை, ஆகவே 0.23 வரை ஒரே ஓட்டம்.

"அப்ப நட்சத்திரத்த எடுத்துட்டு, தலைப்புல கையால எழுதின இலக்கத்தையும் அழிச்சா சரியா சாச்சி?" என்று கேட்டாள். சரிதான். ஐந்து நிமிட வேலை. நன்றியுரைக்கும் சுருக்கத்துக்கும் மட்டும் நட்சத்திரத்தை விட்டுவைத்து, அவற்றைப் பொருளடக்கத்தில் சேர்க்கும் தனிக்கட்டளையை எழுதினாள்.

பெரிய வேலை உள்ளே கிடந்தது. "பகுதி 3.2ஐப் பார்க்க" என்று இலக்கங்கள் எல்லாம் கையால் எழுதப்பட்டிருந்தன. அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் இரண்டாம் அத்தியாயத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிவிட்டார். மூன்று நான்காகும், நான்கு ஐந்தாகும். கையால் எழுதிய ஒவ்வோர் இலக்கமும் பொய்யாகும். லேடெக்கில் இலக்கத்தை எழுதக்கூடாது, பெயர்தான் வைக்க வேண்டும். கங்கை முகத்துவாரம் பற்றிய பகுதிக்கு "மகாவலி" என்று அடையாளம் வைத்துவிட்டு, வேண்டிய இடமெல்லாம் "மகாவலி எங்கேயோ அந்த இலக்கம்" என்று கேட்டால் போதும். பகுதி எங்கே நகர்ந்தாலும் இலக்கம் பின்னாலேயே போகும். ஒரு பிற்பகல் முழுக்க இருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களை மாற்றினாள்.

முதற்தடவை கம்பைல் செய்தபோது அந்த இடங்களிலெல்லாம் இரட்டைக் கேள்விக்குறி வந்தது. அது பிழையல்ல. முதல் ஓட்டத்தில் லேடெக் இலக்கங்களைப் பக்கத்துப் பைல் ஒன்றில் குறித்துவைக்கும், அடுத்த ஓட்டத்தில்தான் வாசித்துப் போடும். இரண்டு தடவை ஓட்ட வேண்டும். அதன் பிறகும் கேள்விக்குறி நின்றால் அடையாளப் பெயரில் எழுத்து மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு பிழைகள் வரிசை கட்டின. ஒரு பந்திக்குள் 100 பிழை சேர்ந்தால் டெக் "100 ஆகிவிட்டது, தயவுசெய்து மறுபடி முயலுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். திரை நிறையச் சிவப்பைக் கண்டதும் ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "புள்ள ராவெல்லாம் முழிச்சிருக்கா. ஒரு ஆளப் புடிச்சிக் காசக் குடுத்தா முடிஞ்சிரும்தானே?" காசு கொடுத்து ஓர் ஆளைப் பிடித்ததில்தான் நட்சத்திரம் வந்தது என்று நான் சொல்லவில்லை. மகள் சொன்னாள்: "உம்மா, நாளைக்கு வைவாவுல கேள்வி கேட்டா அந்த ஆளா வந்து பதில் சொல்லப் போறார்?"

பிழை வாசிக்கும் முறை இதுதான். முதற்பிழையை மட்டும் பாருங்கள். மற்றவை அதன் குஞ்சுகளாகவே இருக்கும். இவளுடைய முதற்பிழை, டொலர் குறி இல்லாமல் தானே ஒன்றைச் செருகிக்கொண்டதாகச் சொல்லியது. ஆய்வேட்டில் பணக்கணக்கு ஏது? தரவுப் பைல் ஒன்றின் பெயரில் இரண்டு சொற்களுக்கிடையே அடிக்கோட்டுக் குறி இருந்தது. லேடெக்குக்கு அந்தக் குறி கணிதத்தில் கீழெழுத்து எழுதுவதற்கு மட்டும் உரியது. கணிதம் தொடங்கும் டொலர் குறியை நாம் மறந்துவிட்டோம் என்று நினைத்துத் தானே வைத்துக்கொண்டு, மிச்சப் பந்தியையும் சமன்பாடாக வாசிக்கப் பார்க்கிறது. அடிக்கோட்டுக்கு முன்னால் ஒரு சாய்கோடு வைத்ததும் ஒரே அடியில் முப்பது பிழைகள் ஒழிந்தன.

பிழைச்செய்தி காட்டும் வரி இலக்கம் கணினி தடுமாறிய இடம். தவறு அதற்கு மேலே எங்கும் இருக்கலாம். தலைப்பொன்றின் சுருள் அடைப்பு மூடப்படாமல் இருந்தால் பைலின் கடைசிவரை தேடிப் போய்விட்டு அங்கேதான் கத்தும். அப்போது கலியாண வீட்டுச் சரவிளக்கில் எரியாத பல்பைத் தேடுகிற மாதிரித் தேட வேண்டும். அத்தியாயத்தின் பாதியை ஒதுக்கிவிட்டுக் கம்பைல் செய்தாள். பிழை போனால் ஒதுக்கிய பாதியில் இருக்கிறது, போகாவிட்டால் மற்றப் பாதியில். மறுபடி அதில் பாதி. ஆறேழு தடவையில் 200 வரிகள் மூன்று நான்கு வரிகளாகச் சுருங்கிவிடும்.

கத்துகிற பிழைகளை நான் பெரிதாக எடுப்பதில்லை. கத்தாதது ஒன்று இருக்கிறது. சதவீதக் குறி. லேடெக்கில் அது வந்தால் அந்த வரியின் மிச்சம் எழுதியவருக்கு மட்டுமான குறிப்பு, அச்சில் வராது. வேர்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டும்போது முழுப் பந்தியும் ஒரே வரியாகவே விழும். முறையியல் அத்தியாயத்தில் "இந்த வாசிப்புகளை 100% நம்ப முடியாது, ஏனெனில்" என்று தொடங்கும் பந்தி இருந்தது. மழைக்கால வாசிப்புகளில் எவற்றைக் கைவிட்டாள், ஏன் கைவிட்டாள் என்ற விளக்கம் முழுவதும் அதற்குள். அச்சில் வந்தது "இந்த வாசிப்புகளை 100" என்பது மட்டும். அடுத்த பந்தி ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தது. பிழை பூச்சியம், பக்கம் அழகு. அதோடு ஒப்படைத்திருந்தால் பரீட்சகர் என்ன நினைப்பார்? பிடிக்காத தரவைக் காரணம் சொல்லாமல் மறைத்துவிட்டாள் என்றுதானே?

அதைக் கண்டுபிடித்தது கணினியல்ல, நானுமல்ல. இறங்குதுறையில் எழுதிய கொப்பியை மடியில் வைத்து, அச்சுப் பிரதியை வரி வரியாக ஒப்பிட்டு வாசித்தபோது அவளே பிடித்தாள். பிறகு பைலெங்கும் சதவீதக் குறியைத் தேடி, ஒவ்வொன்றின் முன்னும் சாய்கோடு வைத்தாள். இன்னும் இரண்டு இடத்தில் அரை வாக்கியங்கள் திரும்பி வந்தன. தட்டச்சு செய்து கொடுத்தவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இதைக் கண்டிருக்க மாட்டார். என்ன எழுதப்பட்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாதே.

ஏழாம் நாள் இரவு, பிரித்த அத்தியாயத்தை உள்ளே வைத்து இரண்டு தடவை ஓட்டினோம். மூன்று நான்கானது. மகாவலி 4.2க்குப் போனது, அதைக் குறித்த இடங்களும் கூடவே போயின. மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொருளடக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இது தானா மாறினதா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

தமிழ் சிறப்புப் பாடம் படிக்கும் நம் மாணவிகளும் இதைக் கேட்டிருக்கிறார்கள். தமிழிலும் ஆய்வேடு எழுதலாம். வழமையான லேடெக் தமிழ் எழுத்தைக் கண்டால் இந்த எழுத்து எனக்குத் தெரியாது என்று பிழை சொல்லும். 2004இல் ஜோனத்தன் கியூ வெளியிட்ட சீடெக் யூனிகோட் எழுத்துகளை நேரடியாக எடுக்கும், ஆகவே சீலேடெக் என்று தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். எழுத்துருவைக் குறிக்கும் வரியில் மொழியெழுத்து தமிழ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விட்டால் பிழை ஒன்றும் வராது, ஆனால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். "சாப்டர்" என்று ஆங்கிலத்தில் வரும் சொல்லை "அத்தியாயம்" என்று மாற்ற ஒரு வரி போதும். அந்த வரிகள் உள்ள மாதிரிப் பைல் ஒன்றை மகள் செய்து தந்திருக்கிறாள். கணித ஆசிரியையிடம் பென்ட்ரைவுடன் வந்தால் தருவார்.