‘சரி’ என்று எழுதுவதற்கு முன்

தொலைபேசிப் பழுது பார்க்கும் வேலையில் நான் உதவியாளாகச் சேர்ந்தபோது, தஞ்சைப் பக்கம் தெருவுக்குத் தெரு தரைவழி இணைப்புகள் இருந்தன. 198-ஐ அழைத்துப் புகார் சொன்னால் ஒரு டாக்கெட் எண் தருவார்கள். காலையில் அது எங்கள் பதிவேட்டுக்கு வந்துவிடும். போன் நம்பர், என்ன புகார், எப்போது வந்தது, எப்போது முடிந்தது, என்ன காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வந்திருந்த எனக்கு, கம்பத்தில் ஏறுவதும் கட்டிங் பிளேயரும்தான் வேலை என்று நினைப்பு. என்னைப் பழக்கிய மூத்த லைன்மேன் அண்ணனோ, கடைசி இரண்டு கட்டங்களை ஒழுங்காக நிரப்பத் தெரிந்தவனே லைன்மேன் என்பார்.

முதலில் கை பழக வேண்டியிருந்தது. தெருமுனையில் நிற்கும் பில்லர் பெட்டிக்குள் இணைப்புக் கட்டைகள் இருக்கும். செம்புக் கம்பியை அதன் பிளவில் வைத்துக் குரோன் டூலால் அழுத்தினால், உள்ளே இருக்கும் வெட்டுவாய் மேலுறையைக் கிழித்துச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச வால் துண்டாகி விழும். ஸ்பிரிங்கின் உதை ‘டக்’கென்று உள்ளங்கையில் தெரியும். நான் டூலைச் சாய்த்துப் பிடிப்பேன். சத்தமும் வரும், உதையும் வரும். உறை மட்டும் பாதிதான் கிழிந்திருக்கும். அண்ணன் இரண்டு விரலால் கம்பியைச் சுண்டுவார். அது கையோடு வந்துவிடும். “சத்தத்தக் கேட்டு ஏமாறாத தம்பி, இழுத்துப் பாரு” என்பார். மணிக்கட்டை வளைக்காமல் நேராக நின்று, தோளிலிருந்து அழுத்தப் பழகும்வரை பில்லர் சாவி என் கைக்கு வரவில்லை.

அடுத்தது டெஸ்ட் போன். அதன் இரண்டு கிளிப்பையும் லைனில் கடிக்கவிட்டால் டயல் டோன் காதில் விழும். அது கேட்டதும் எனக்கு நிம்மதி. இறங்கி வந்து ‘சரி’ என்று எழுதிவிடுவேன். அண்ணன் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, திரும்பவும் அனுப்புவார். கம்பத்துப் பெட்டியில் டோன் வந்தால், கம்பம்வரை லைன் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அங்கிருந்து வீட்டுக்குள் போகும் டிராப் வயர், சுவரிலிருக்கும் ரோசெட், அதற்கப்பால் போன் என்று இன்னும் எத்தனையோ மிச்சமிருக்கும்.

வீட்டுக்குள்ளேயே டோன் கேட்டாலும் அவர் விடமாட்டார். சும்மா கிடக்கும் லைனில் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். ரிசீவரை எடுத்தால் பத்து வோல்ட் பக்கம் இறங்கிவிடும். மணி அடிப்பதற்கு மட்டும் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் தனியாக வரும். அதனால் டோன் நன்றாகக் கேட்கும் போனிலும் மணி அடிக்காமல் போகலாம். “இங்கேருந்தும் போகணும், அங்கேருந்தும் வரணும். ரெண்டும் அந்த வீட்டுக்காரங்க காதுல கேக்கணும்” என்பது அவருடைய சட்டம்.

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது ஓர் ஓட்டு வீட்டு லைன். புகார் ‘கரகரப்பு’. நான் போனேன், ரோசெட்டைத் திறந்து துடைத்தேன், திருகுகளை முடுக்கினேன், பேசிப் பார்த்தேன், ‘சரி’ என்று எழுதினேன். மழை பெய்ததும் புகார் திரும்பி வந்தது. ரோசெட்டையே மாற்றினேன், மறுபடியும் வந்தது. பில்லரில் அந்த ஜோடியைப் புதிதாக அடித்துப் பார்த்தேன்; அதற்கும் மசியவில்லை. வீட்டிலிருந்த பாட்டிக்கு, வெளிநாட்டிலிருக்கும் மகனின் குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்ற வருத்தம். எனக்கோ நான் போகும்போதெல்லாம் லைன் சுத்தமாக இருக்கிறதே என்ற எரிச்சல். ‘சோதனையில் சரியாக உள்ளது’ என்று எழுதி முடித்துவிடலாமா என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லாமல் என்னுடன் கிளம்பி வந்தார்.

வந்தவர் எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. “அம்மா, எந்நேரத்துல கரகரங்குது?” என்று கேட்டார்.

“மழை விட்டும் பொழுதேறுற வரைக்கும் இருக்கும்பா. வெயில் வந்தா போயிடும். இந்தத் தம்பி வர்றப்பல்லாம் வெயிலடிக்குது.”

டெஸ்ட் போனை என் காதில் வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் வாங்கி ஓட்டோரமாகச் செல்லும் டிராப் வயரில் மெல்ல ஊற்றிக்கொண்டே நகர்ந்தார். ஓரிடத்தில், வாணலியில் கடுகு பொரிவதுபோல் காதில் இரைந்தது. எப்போதோ யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப்போன ஜாயிண்ட். பிரித்தால் செம்பு பச்சையாகக் களிம்பேறி, விரலில் பொடியாக ஒட்டியது. கம்பத்திலிருந்து வீடுவரை ஜாயிண்டே இல்லாமல் புது வயர் இழுத்தோம். சுவருக்குள் நுழையுமிடத்தில் வயரைக் கீழே தொங்கவிட்டு வளைக்கச் சொன்னார். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அன்றும் டாக்கெட்டை முடிக்க விடவில்லை. ‘வயர் மாற்றப்பட்டது, மழைக்குப் பின் பார்க்க வேண்டும்’ என்று எழுதி நிலுவையில் வைத்தார். நிலுவை என்பது அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காத சொல். 3 நாளைத் தாண்டிய பழுதுக்கு வாடகையில் கழிவு தர வேண்டும் என்பது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் அப்போதைய 2009 விதி. மாலையானால் மேலிருந்து கேள்வி வரும். “கேக்கட்டும், நான் சொல்லிக்கறேன்” என்றார். அடுத்த மழை ஓய்ந்ததும் பாட்டிக்குப் போன் போட்டார். நன்றாகக் கேட்கிறது என்று அவர் சொன்ன பிறகே கட்டத்தை நிரப்பினார்: ‘ஓட்டோர ஜாயிண்டில் நீர். டிராப் வயர் முழுதும் மாற்றம். சந்தாதாரர் உறுதி செய்தார்.’

காரணத்தை இப்படி எழுதுவது எதற்கு என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஒரு மழைக்காலத்தில் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, தனித்தனியாக முடிக்கப்பட்டிருந்த பல புகார்கள் ஒரே கம்பத்துப் பெட்டியைச் சேர்ந்தவை என்று கண்ணில் பட்டது. அந்தப் பெட்டிக்கு வரும் கேபிளின் ஜாயிண்டைத் தோண்டினோம், உள்ளே தண்ணீர். வெறும் ‘சரி’யாக எழுதியிருந்தால் அது அகப்பட்டிருக்காது. அதன் பிறகு அண்ணன் என் பக்கங்களைத் திருத்துவதை நிறுத்தினார். பாராட்டு என்று தனியாக எதுவும் சொல்லவில்லை.

இப்போது ஃபைபர் இணைப்புகளைப் பார்க்கிறேன். அங்கே டோன் கிடையாது; ஒளியின் அளவை மீட்டர் எண்ணாகக் காட்டிவிடும். எண் நன்றாக இருந்தாலும், வீட்டிலுள்ளவர் வழக்கமாகப் பார்ப்பதைப் பார்த்து, பேசுவதைப் பேசி முடிக்கும்வரை நான் கிளம்புவதில்லை. என்னிடம் பழகும் பையன்களுக்கும் அதையே சொல்கிறேன். பழுதைச் சரிசெய்வது நம் வேலை. சரியாகிவிட்டது என்று சொல்லும் உரிமை புகார் கொடுத்தவருடையது.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்தது என்று ஆள் வந்து சொன்னால், வாசலில் நின்றபடியே தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். எப்போது கெடுகிறது, எப்போது சரியாகிறது என்பதைச் சொல்லுங்கள். அதைக் கேட்க நிற்காதவரிடம் ‘சரி’ என்று கையெழுத்துப் போடாதீர்கள்.