கடியாரத்திற்கு ஒரு மேசை

ஓய்வு நேரத்தில் ஒருவன் என்ன செய்கின்றான் என்பதைக் கொண்டே அவனை ஓரளவு அளந்துவிடலாம் என்பர். நம்மவருள் சிலர் சீட்டாடுவர். சிலர் வீட்டின் முன் நான்கு தொட்டிகளில் கறிவேப்பிலையும் மல்லிகையும் வளர்ப்பர். நாம் சில ஆண்டுகளாகப் பழைய கைக்கடியாரங்களைப் பிரித்துத் துடைத்து மாட்டி வருகின்றோம். இதைக் கேட்ட உறவினர் சிலர், "படித்து உத்தியோகம் பார்க்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு?" என்று முகம் சுளித்ததுண்டு. மை பட்ட விரல் உயர்ந்தது, எண்ணெய் பட்ட விரல் தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்முடன் கப்பலேறி வந்தது. இன்னும் இறங்கிப் போன பாடில்லை. அவ்வாதத்தை இங்கு விரிக்க நாம் விரும்பவில்லை. ஒரு மேசையைத் தேடிப் பெற்று அமைத்த வரலாற்றை மட்டும் சொல்லுவோம். மேசையில் என்ன வரலாறு என்று நேயர்கள் வினவலாம். அம்மேசை இல்லாத காலத்தில் நம் தந்தையாரின் கடியாரத்தை நாமே கெடுத்தோம். கெடுத்ததைத் தாயாரிடம் மறைத்தோம். வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது.

நம் தந்தையார் கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். அவர் கையில் இருந்தது சுவிட்சர்லாந்தில் செய்த, நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டிய பதினேழு கல் கடியாரம். தோட்டத்தில் அது ஓர் அலங்காரப் பொருளன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை எப்பொழுது அடிப்பது என்று கூறியது அதுவே. குளிர்ந்த அதிகாலையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே மண்டோரின் கடியாரம் பத்து நிமிஷம் பிந்தினால் அன்றைய பாலும் குறையும், வெட்டுகிறவர் கூலியும் குறையும்.

இந்நாட்டில் மணி என்பது என்றும் ஒரே நிலையில் நின்றதுமில்லை. 1905ல் கிரீன்விச் நேரத்திற்கு 7 மணி முந்தியதாக வைத்தனர். 1933ல் அதனுடன் 20 நிமிஷத்தையும், 1941ல் மேலும் 10 நிமிஷத்தையும் கூட்டினர். 1942ல் ஜப்பானியர் வந்து டோக்கியோ நேரத்தைப் புகுத்தியபோது அது ஒரேயடியாக 9 மணியாயிற்று. உச்சிப் பொழுது இரண்டு மணி கடந்து வந்த விந்தையை நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1945ல் மீண்டும் ஏழரைக்குத் திரும்பினர். கடைசியாக, சபா, சரவாக் மாநிலங்களோடு ஒத்திருக்கும் பொருட்டு, 1982 ஜனவரி 1 முதல் 8 மணியாக்கினர். அவ்விரவு நாம் சிறுவன். பதினொன்றரை மணிக்குத் தந்தையார் விளக்கடியில் அமர்ந்து, கடியாரத்தின் திருகை இழுத்து முள்ளைப் பன்னிரண்டிற்குத் தள்ளினார். "அரை மணி நேரத் தூக்கம் போயிற்று" என்றார் தாயார். சூரியன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை ஆதலால், மறுநாள் முதல் பெரட்டுக்கு இருட்டு அரை மணி கூடிற்று.

அத்தோட்டம் பின்னர்ச் செம்பனையாகி, அதன்பின் வீட்டு மனைகளாயிற்று. தந்தையாரும் மறைந்தார். கடியாரம் தாயாரின் பெட்டியில், அவருடைய மூக்குக் கண்ணாடியின் பக்கத்தில் ஓடாமல் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயார் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குக் காய்கறி வாங்கச் சென்றிருந்த வேளையில், அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தோம். ஓட வைத்து அவரைத் திகைக்கச் செய்வதே நம் கருத்து. நம்மிடம் இருந்தவை மூக்குக்கண்ணாடி திருகும் திருப்புளி ஒன்றும், தையற்பெட்டிச் சாமணம் ஒன்றுமே. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

கடியாரத்தைப் பிரிப்பவன் முதலில் செய்ய வேண்டியது சுருள்வில்லில் தங்கியுள்ள விசையை மெல்ல வெளியேற்றுவது. அதை நாம் அறியோம். நின்ற கடியாரத்தில் விசை ஏது என்று எண்ணினோம். உண்மையில் அது எண்ணெய் காய்ந்து நின்றிருந்ததேயன்றி விசை தீர்ந்து நிற்கவில்லை. சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடும் சிறு நெம்புகோலை நாம் தூக்கிய கணத்தில், தடை நீங்கிய சக்கரங்கள் யாவும் சீறிச் சுழன்றன. ஒரு சக்கரத்தின் ஊசிமுனை போன்ற அச்சு ஒடிந்தது. திடுக்கிட்டுக் கையை உதற, ஒரு திருகு மேசையில் குதித்து ஓடி மறைந்தது. தரையெல்லாம் தடவியும் அகப்படவில்லை. எஞ்சியவற்றை ஒரு தீப்பெட்டியில் போட்டு, மூடியைக் கடியாரத்தின்மேல் அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். வெளியில் அது கடியாரம், உள்ளே ஒன்றுமில்லை. தாயார் அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நாம் வேறு அறைக்குப் போய்விடுவோம்.

தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் சென்றோம். கோலாலம்பூரைக் கட்டச் செங்கல் சுட்ட காளவாய்களால் பெயர் பெற்று, பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் தமிழர் ஊரான இடம் அது. இரயில்வே தளம் இருந்த இடத்தில் 2001 முதல் பெரிய சென்ட்ரல் நிலையம் நிற்கின்றது. அதற்கு அப்பால் ஓர் ஐந்தடி நடைபாதையில், தூணோரமாக, மூன்று பக்கமும் கண்ணாடி அடைத்த ஒரு சிறு கூண்டிற்குள் அமர்ந்து கடியாரம் பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். தமிழரிடையே பல்லாண்டு தொழில் செய்தமையால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கே வைத்துத் திறந்தாய், தம்பி?" என்றார்.

"சாப்பாட்டு மேசையில், தவுக்கே."

"சோறு தின்கிற மேசை வயிற்றுக்கு. இது கண்ணுக்கு" என்று சொல்லித் தம் பலகையைத் தட்டிக் காட்டினார். அது அவர் மார்பளவு உயர்ந்திருந்தது. அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. சாப்பாட்டு மேசை 30 அங்குலம் உயரம். அதில் கடியாரம் பார்ப்பவன் கூனிக் குனிய வேண்டும், கை அந்தரத்தில் நடுங்கும். கடியார மேசையோ 38 முதல் 40 அங்குலம். முன்கை முழுதும் பலகையில் தங்க, விரல்கள் மட்டும் அசையும். பொருள் தானே கண்ணருகில் வந்து நிற்கும். அவர் கண்ணாடிக் கூண்டு கள்ளருக்கு அஞ்சி அன்று, காற்றுக்கு அஞ்சி வைத்தது என்பதும் அன்றே தெரிந்தது. ஒடிந்த சக்கரத்திற்கு மாற்று, அதே வகையான செத்த கடியாரம் ஒன்றிலிருந்து எடுத்துத் தர ஒப்புக்கொண்டார். பூட்டித் தர மட்டும் மறுத்தார். "நீ கெடுத்தாய், நீ செய். அவசரம் வேண்டாம். முதலில் மேசை."

மேசை தேடினோம். அயல்நாட்டிலிருந்து தருவிக்கும் கடியார மேசையின் விலை நம் வருவாய்க்கு ஒவ்வாது. கிள்ளானில் ஒரு தையற்கடையை மூடுகின்றார்கள் என்று கேள்வியுற்றுச் சென்று பார்த்தோம். தையற்காரர் நின்றுகொண்டு துணி வெட்டும் மேசை 36 அங்குலம் உயரம் இருந்தது. 120 வெள்ளிக்குப் பேசி முடித்தோம். நீளத்தை நான்கடியாகக் குறைக்கத் தச்சரிடம் கொடுத்தபோது, கத்தரி கிழித்த மேற்பலகை உதவாது, வேறு போட வேண்டும் என்றார். அவர் காட்டிய பலகைகளுள் வெளிறிய சந்தன நிறமான ஒன்று நம் கண்ணில் பட்டது. அது ரப்பர் மரம்.

தோட்டத்து நேயர்களுக்கு அம்மரத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் வெட்டி விறகாக எரித்தார்கள். மாவும் சர்க்கரையும் மிகுந்த மரமாதலின் பூஞ்சணமும் வண்டும் விரைவில் பற்றும். பலகைக்கு உதவாது என்பதே அக்கால முடிவு. போரான் உப்புக் கரைசலை மரத்திற்குள் அழுத்தி, சூளையில் உலர்த்தும் முறை கைவந்தபின், 1980க்குப் பிந்திய ஆண்டுகளில் அவ்விறகே இந்நாட்டு மேசை நாற்காலித் தொழிலுக்கு அடிப்படையாயிற்று. நமக்கு அதில் இன்னொரு பயனும் இருந்தது. வெளிர் நிறப் பலகையில் விழுந்த கரிய திருகு உடனே கண்ணுக்குத் தெரியும். விளிம்பில் அரை அங்குல வரம்பு கட்டி, கால்களின் கீழ் கட்டை கொடுத்து, 39 அங்குலமாக நிறுத்தினோம்.

மேசையை எந்த நேரத்தில் வீட்டிற்குள் வைப்பது என்று ஓர் உறவினர் நாட்காட்டியைப் புரட்டினார். தமிழ்நாட்டில் காலை ஆறு மணிச் சூரியனுக்குக் கணித்த இராகு காலம், ஏழு மணியளவில் சூரியன் எழும் நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும் என்றும், 1982ல் அரசாங்கம் முள்ளைத் தள்ளியபோது இராகுவும் உடன் தள்ளினாரா என்றும் கேட்டோம். அவர் நாட்காட்டியை மூடிவிட்டார். மழை வருமுன் மேசையை ஏற்றினோம்.

ஒரு குறை இருந்தது. மேசையின் அடியில், மடிமீது வந்து நிற்குமாறு துணி விரித்த இழுப்பறை ஒன்று வேண்டும். கை தவறியது தரைக்குப் போகாமல் அதில் விழ வேண்டும். அதற்கு வெள்ளைத் துணி தைத்துத் தரும்படி தாயாரிடம் கேட்டோம். அவர் உள்ளே சென்று தந்தையாரின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வந்து, அளவு பார்த்துக் கிழித்துத் தைத்தார். தைத்து முடித்து நீட்டியபோது அதன் நடுவில் ஒரு சிறு காகித மடிப்பு இருந்தது. பிரித்தோம். திருகு!

"அன்றைக்கே மேசை துடைக்கும்போது அகப்பட்டது. உப்புப் பரணிக்கு அடியில் கிடந்தது. நீயாகச் சொல்லுவாய் என்று பார்த்தேன்" என்றார். ஐந்து மாதங்கள் கழிந்திருந்தன. அத்தனை நாளும் அவர் அந்தக் கூட்டைத் திறந்து துடைத்து வைத்தவர். உள்ளே ஒன்றுமில்லை என்று அறிந்தே துடைத்திருக்கின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். "முதலில் அதை ஓட வை" என்று எழுந்து போய்விட்டார்.

நிற்க. உடனே அதில் கை வைக்க நமக்குத் துணிவில்லை. பெங்களூரில் 1961 முதல் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு செய்யப்பட்ட எச்.எம்.டி. கடியாரங்களில் பழையன இரண்டை வாங்கினோம். அந்நிறுவனத்தின் கடியாரத் தொழிலை மூடுவதென 2016ல் இந்திய அரசு முடிவு செய்துவிட்டது. ஆயினும் பழகுவதற்கு அதைப் போல் பொறுமையான கடியாரம் கிடைப்பதரிது. அவற்றைப் பத்துமுறை பிரித்து மாட்டினோம். திருப்புளியின் முனை திருகின் பள்ளத்திற்குச் சரியாக ஒத்திராவிடில் வழுக்கித் தகட்டைக் கீறும் என்றும், சக்கரங்களுக்குப் பித்தளைச் சாமணமே நலம் என்றும், கைத்தொலைபேசியை மேசையில் வைத்தால் அதன் காந்தம் மயிர்ச்சுருளைப் பற்றிக் கடியாரத்தை விரையச் செய்யலாம் என்றும் கற்றோம். விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்தோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஒரு துளி விழுந்தால் எஃகு மறுநாளே துருவேறும் என்பதால் நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டோம். எண்ணெயைக் கம்பி முனையில் தொட்டு வைக்க வேண்டும். மிகுந்த எண்ணெய், இல்லாத எண்ணெயைக் காட்டிலும் கேடு.

பிறகே தந்தையாரின் கடியாரத்தை எடுத்தோம். மூன்று இரவுகள் ஆயின. இருமுறை துகள்கள் தவறி விழுந்தன. இருமுறையும் வேட்டித் துணி ஏந்திக்கொண்டது. தாயார் தந்த திருகைக் கடைசியாக முடுக்கிச் சாவி கொடுத்தோம். சமன்சக்கரம் ஒருமுறை தயங்கி, பின் ஆடத் தொடங்கிற்று. மணிக்கு 18,000, நாளுக்கு 4,32,000 துடிப்பு. காதருகில் வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அது நாளைக்கு இரண்டு நிமிஷம் பிந்துகின்றது. ஒரு நாளில் 1,440 நிமிஷம் என்பதை எண்ணினால் பெரும் பிழையன்று. ஆயினும் நமக்கு உறுத்தல். தாயாரிடம் சொன்னோம். "அப்பா காலத்திலும் பிந்தியதுதான். காலையில் வானொலி மணிக்கு முள்ளைத் திருப்பிவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார்" என்றார். இப்பொழுது அந்த வேலையை அவரே செய்கின்றார்.

கைத்தொழில் ஒன்று பழக விரும்பும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. கருவியும் பொருளும் வாங்குமுன், அவ்வேலைக்கென ஓர் இடத்தைச் செவ்வையாக அமைத்துக்கொள்க. தவறு நேர்வது உறுதி. விழுவதை ஏந்த அடியில் ஒரு துணி இருக்கட்டும். நேர்ந்ததை வீட்டாரிடம் அன்றைக்கே சொல்லிவிடுக.