சிம்பியனுக்கு ஒரு மரண அறிவித்தல்

பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டு கழித்தவனுக்குக் கூட்டறிக்கைகளை ஐயத்துடன் வாசிக்கும் பழக்கம் எளிதில் விட்டுப்போவதில்லை. சொல்லப்பட்டதை விட்டுவிட்டு, சொல்லாமல் விடப்பட்டது எதுவென்றே கண் தேடும். 2011 பெப்ரவரி 11ஆந் திகதி இலண்டனில் நொக்கியாவும் மைக்ரோசொஃப்டும் கைகோத்த செய்தியையும் அவ்வாறே வாசித்தேன்.

கைத்தொலைபேசி விற்பனையில் அன்றும் உலகின் முதலிடம் நொக்கியாவுக்கே. ஆனால், திறன்பேசிச் சந்தையில் அப்பிளும் கூகிளின் அண்ட்ரொய்டும் அதன் காலடி மண்ணை அரித்துக்கொண்டிருந்தன. ஆகவே, தனது சிம்பியன் இயங்குதளத்தைப் படிப்படியாகக் கைவிட்டு, மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் போனைத் தழுவப்போவதாக நொக்கியா அறிவித்தது. அறிவித்த தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஈலொப், முந்திய ஆண்டுவரை மைக்ரோசொஃப்டில் உயர்பதவி வகித்தவர். இதைச் சதி என்போர் இன்றும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. சதி செய்பவன் தானும் இவ்வளவு நட்டப்படுவானா?

விற்பனையில் இருந்த பொருளுக்கு, மாற்றுப்பொருள் கைக்கு வருமுன்னரே மரண அறிவித்தல் வெளியிட்டதுதான் பெருந்தவறு. முதலாவது லூமியா அவ்வாண்டு நவம்பரில்தான் கடைக்கு வந்தது. சாகப்போகும் தளத்தை அதுவரை விரும்பி வாங்குவார் யார்?

அதன்பின்னும் விதியைத் தீர்மானித்தவர்கள் அவ்விரு நிறுவனத்தாரும் அல்லர். செயலி எழுதுவோர் வாடிக்கையாளர் திரளும் இடத்துக்கே செல்வர். வாடிக்கையாளரோ செயலிகள் மலிந்த இடத்துக்கே செல்வர். விண்டோஸ் போனுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. 2013இல் மைக்ரோசொஃப்ட் தானே உருவாக்கிய யூடியூப் செயலியைக் கூட கூகிள் தடுத்துவிட்டது.

2014 ஏப்ரலில் நொக்கியாவின் கைத்தொலைபேசிப் பிரிவு மைக்ரோசொஃப்டின் உடைமையாயிற்று. மறு ஆண்டே அது 760 கோடி டொலரை நட்டமாகக் கணக்கெழுதியது.

அக்கைமாற்றத்தில் விடுபட்ட இடம் ஒன்றுண்டு. சென்னைக்கு அண்மையில், ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் இயங்கிய நொக்கியா தொழிற்சாலை அது. இந்திய வரித்துறையுடனான பிணக்கில் சொத்து முடக்கப்பட்டதால், அதை மைக்ரோசொஃப்டிடம் ஒப்படைக்க முடியவில்லை. மைக்ரோசொஃப்ட் சில மாதங்கள் அங்கிருந்து தொலைபேசிகளைப் பெற்றது. பின்னர் அந்த ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. 2014 நவம்பர் 1ஆந் திகதி உற்பத்தி நின்றது.

ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே பணம் பெற்றுக்கொண்டு வெளியேறியிருந்தனர். அவர்களுட் பலர் இளம்பெண்கள், இருபதுகளில் இருந்தவர்கள். அவ்வேற்பாட்டுக்கு நிருவாகம் இட்ட பெயர் 'விருப்ப ஓய்வு'.