இல்லை என்றால் சொல்லிவிடு

உங்கள் வீட்டில் எக்ஸெல் மேக்ரோ எழுதுகிறவர் யாராவது இருந்தால் '91' என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும். 'ஆப்ஜெக்ட் வேரியபிள் நாட் செட்' என்று மிரட்டி நின்றுவிடும் பிழை அது. ஃபைண்ட் கட்டளையிடம் ஒரு நெடுவரிசையில் தேடச் சொன்னீர்கள், அது கிடைக்காமல் 'நத்திங்' என்று வெறுங்கையோடு வந்தது, நீங்கள் அந்த வெறுங்கையிடம் 'எந்த வரிசை?' என்று கேட்டீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றோர் சங்கத்தில் பொருளாளர். இறந்த உறுப்பினரின் எண்ணைத் தேடி, குடும்பத்தின் பேங்க் கணக்கை எடுத்துத் தர ஒரு மேக்ரோ. அடிக்கடி 91 வருகிறதே என்று யாரோ புண்ணியவான் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். சத்தம் அடங்கியது. பணம் அனுப்புவதற்கு முன் பொருளாளர் பட்டியலைப் பார்த்தால் இரண்டு குடும்பங்களுக்கு ஒரே கணக்கு எண்!

என்ன நடந்தது? இரண்டாவது எண்ணின் வாலில் ஒரு ஸ்பேஸ். தேடினால் கிடைக்கவில்லை. பிழையை விழுங்கச் சொல்லிவிட்டதால், வேரியபிளில் முந்தைய ஆசாமியின் வரிசை எண் அப்படியே தங்கிவிட்டது. ஒரு விதவைக்குச் சேரவேண்டிய பணம் இன்னொருவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

வைத்தியம் சுலபம். கிடைத்ததை முதலில் 'செட்' போட்டு வாங்குங்கள். 'இஸ் நத்திங்' என்றால் தனி ஷீட்டில் எழுதி வையுங்கள், மனுஷர் யாராவது பார்க்கட்டும். தேடும் எண்ணுக்கு ஒரு 'ட்ரிம்' போடுங்கள்.

இன்னொன்று. 'லுக்அட்' என்பதில் 'எக்ஸ்எல்ஹோல்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், கடைசியாகத் தேடியபோது இருந்த செட்டிங்கையே எக்ஸெல் பிடித்துக்கொள்ளும். கன்ட்ரோல் எஃப் அடித்து நீங்கள் கையால் தேடியதும் இதில் சேர்த்தி. 12ஐக் கேட்டால் 112 வந்து நிற்கும், எரரே இல்லாமல்!

இதனால்தான் சொல்கிறேன், கத்துகிற பிழை நல்ல பிழை. 'தெரியாது' என்பவனை அதட்டி அடக்கினால், அடுத்த தடவை அவன் எதையாவது சொல்லிவைப்பான். கம்ப்யூட்டரும்தான்.