படியும் பகிடியும்

பேச்சு வராத என் தங்கைக்கு எழுத்துக்களும் படங்களுங் கொண்ட அட்டை ஒன்று உண்டு. நீர், சோறு, வலி, நித்திரை என அவளுடைய தேவைகள் யாவும் அதிலே கட்டங் கட்டமாக இடம்பெற்றுள்ளன. சென்ற விடுமுறையில் ஒரு மதியவேளை, "அண்ணா படிக்கிறானோ?" என அம்மா அவளிடம் வினவினார். அவள் 'ப', 'டி' என்னும் எழுத்துக்களைத் தொட்டாள். ஆமென்கிறாள் என்றே அம்மா கருதினார். தங்கை விடவில்லை, மீண்டும் அவற்றையே தொட்டு, கண்களால் வாசலைச் சுட்டினாள். அங்கே வாசற்படியில் தலைவைத்து நான் உறங்கிக்கொண்டிருந்தேன். இருவரதும் சிரிப்பொலி கேட்டே விழித்தேன்.

சொல்லைப் பிரிக்காமலே இருபொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்பர் அணியிலக்கண நூலார். தேர்வுக்காக அதனை மனனஞ் செய்தவன் நான். செய்து காட்டியவள் அவள்.

கணனிக்குச் சிலேடை கற்பித்தோரைப் பற்றி அதன் பின்னரே தேடிப் படித்தேன். 1990களில் எடின்பரோப் பல்கலைக்கழகத்திலே கிம் பின்ஸ்ரெட், கிறேயம் றிச்சி ஆகியோர் 'ஜேப்' என்னும் நிரலை ஆக்கினர். அகராதியும், ஒத்தொலிக்குஞ் சொற்களின் பட்டியலும், விடுகதைக்கான சில வார்ப்புகளுமே அதன் முதல். ஆங்கிலத்திலே 'தொடர்' என்பதற்கும் 'தானியம்' என்பதற்குமுரிய சொற்கள் இரண்டும் 'சீரியல்' என்றே ஒலிப்பவை. எனவே, நார்ச்சத்துள்ள கொலைஞன் யாரென அது வினவும். விடை, 'சீரியல்' கொலைஞன். சிறுவரிடஞ் சோதித்தபோது இத்தகையவற்றைப் பகிடிகளென ஏற்றனர். மனிதர் ஆக்கியவற்றையே கூடுதலாக விரும்பினர். எனக்கும் பெரிதாகச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் 2003இல் எடின்பரோ, அபர்டீன், டண்டீ பல்கலைக்கழகங்கள் இதே வழியில் தொடங்கிய 'ஸ்ராண்டப்' திட்டம் என்னை நிறுத்திவிட்டது. அது பேச்சியலாத சிறுவர்க்கானது. சிறுவர் திரையிலே ஒரு பொருளைத் தெரிவர். கணனி அதைக்கொண்டு விடுகதை புனைந்து, செயற்கைக் குரலிற் சொல்லும். அச்சொற்கள் சிறுவருடையவை அல்லவே என்பார் உளர். நாம் கூறும் பகிடிகளுட் பெரும்பாலானவை யாருடையவை? சோறு கேட்கத் தங்கைக்கு வழிசெய்த நாங்கள், எங்களைக் கேலிசெய்ய அவளுக்கு ஒரு கட்டமேனும் ஒதுக்கியிருக்கவில்லை.

பல்கலைக்கழகந் திரும்புமுன், அட்டையின் மூலையிலே 'பகிடி' என ஒரு கட்டம் வரைந்து கொடுத்தேன். இப்போது முதலில் அதனைத் தொட்டுவிட்டே எழுத்துக்களுக்குச் செல்கிறாளாம். அடுத்த எழுத்து வரும்வரை அம்மா அடுப்பையும் மறந்து நிற்கிறாராம்.